மத்தியதரைக் கடற்கரையில் ஒரு கோடைப் பயணம்: எங்கே ரயில், எங்கே கார்?

வரும் ஜூலையில் நீங்களும் கணவரும் பார்சிலோனாவில் இறங்கி, கடலோரமாகவே தெற்குப் பிரான்சைக் கடந்து, இத்தாலியின் சிங்குவே தெர்ரே என்ற ஐந்து கடலோர ஊர்கள் வரை இரண்டு வாரத்தில் போய்ச் சேர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். முழுத் தொலைவையும் வாடகைக் காரில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. உங்களுக்கு ரயிலே நல்லதென்று படுகிறது. இருவருக்கும் ஓவியத்தில் ஈடுபாடு உண்டு, சாப்பாடு சைவம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். காரா ரயிலா என்ற கேள்விக்கு என் பதில் இது: பயணத்தின் பெரும்பகுதியை ரயிலில் வையுங்கள், அந்த ரயில் கடலை விட்டு விலகிப் போகும் இடங்கள் சில உண்டு, அங்கே மட்டும் கார் எடுங்கள். இப்படிச் செய்தால் அவருடைய ஆசையும் வீணாகாது, ஜூலை மாத நெரிசலும் உங்களைத் தின்றுவிடாது.

இதற்கான காரணம் அந்தக் கரையின் அமைப்பிலேயே இருக்கிறது. பிரெனே மலைகளும், எஸ்தெரெல் குன்றுகளும், ஆல்ப்ஸின் தென்கோடியும், லிகூரியாவின் அப்பெனைன் மலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் காலை நீட்டியபடி இறங்குகின்றன. மலைக்கும் அலைக்கும் நடுவே மிஞ்சுவது பல இடங்களில் ஒரு மெல்லிய நாடா போன்ற நிலம்தான். 19ஆம் நூற்றாண்டில் தண்டவாளம் போட வந்தவர்கள், கடற்கரைக்கு இன்றைய மவுசு எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், அந்த நாடாவை எளிதாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்பெயின் பெருநிலப்பரப்பின் முதல் ரயில்பாதையே 1848இல் பார்சிலோனாவிலிருந்து மத்தரோ வரை மணலை ஒட்டிப் போடப்பட்டதுதான். பிரெஞ்சுப் பக்கம் ரயில் 1863இல் கான் நகரையும், 1864இல் நீஸையும், 1868இல் மொனாக்கோவையும், 1872இல் எல்லையில் உள்ள வெந்திமீலியாவையும் எட்டியது. சிங்குவே தெர்ரே வழியான பாதை 1874இல் திறந்தது. நெடுஞ்சாலைகள் இதற்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து வந்தபோது கரையில் இடம் இல்லை; ஆகவே அவை மலைச்சரிவில் ஏறி, குகையும் பாலமுமாகப் போயின. நீஸைத் தாண்டிய ஏ8 சாலையிலும் வெந்திமீலியாவைத் தாண்டிய ஏ10 சாலையிலும் கார் ஓட்டினால் கடல் ஒரு கணம் கீழே தெரியும், அடுத்த கணம் குகை விழுங்கிவிடும். பழைய கடலோரச் சாலையைப் பிடித்தாலோ ஒவ்வோர் ஊரின் சிக்னலிலும் நின்று நின்று போக வேண்டும். அதைவிட, வளைவுகள் நிறைந்த சாலையில் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் கடலைப் பார்க்கவே முடியாது. இருவர் போகும் பயணத்தில் ஒருவர் மட்டும் காட்சி காண்பது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கும். ரயிலில் இருவரும் ஒரே சன்னலில் பார்க்கலாம்.

பார்சிலோனாவிலிருந்து இத்தாலி நோக்கிப் போகிறீர்கள் என்பதால், வழிநெடுகக் கடல் உங்கள் வலப்பக்கம்தான் இருக்கும். ரயிலில் ஏறியதும் போகும் திசைக்கு வலப்பக்கம் இடம் பிடியுங்கள். காருக்கும் இது உதவும்: அந்த மூன்று நாடுகளிலும் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், கிழக்கு நோக்கிப் போகையில் கடலோரத் தடம் உங்களுடையதாக இருக்கும், காட்சி மேடைகளில் எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்டாமல் நேராக ஒதுங்கி நிற்கலாம்.

இனி ஒவ்வொரு பகுதியாகச் சொல்கிறேன். பார்சிலோனாவிலிருந்து ஆர்1 என்ற புறநகர் ரயில் ஒன்று வடக்கே பிளானெஸ் வரை கடற்கரையிலேயே ஓடுகிறது. பல நிலையங்களில் நடைமேடையிலிருந்து இறங்கினால் மணல்தான். அந்த நெருக்கத்துக்கு விலையும் உண்டு: 2020 ஜனவரியில் வீசிய குளோரியா புயலில் மால்கிராத்துக்கும் பிளானெஸுக்கும் இடையே தொர்தேரா ஆற்றின் மேலிருந்த ரயில் பாலமே இடிந்து விழுந்தது. பிளானெஸுக்குப் பிறகு ரயில் கடலைக் கைவிட்டு உள்நாட்டில் ஜிரோனா, ஃபிகேரஸ் வழியாகப் போய், எல்லைக்கு அருகே யான்சாவில்தான் மறுபடி கடலைத் தொடுகிறது. இந்த இடைவெளிதான் கோஸ்தா பிராவா என்ற கடற்கரை. ஓவியம் விரும்பும் உங்களுக்கு, ஓவியர் சால்வதோர் தாலியோடு தொடர்புள்ள காடகேஸ் இங்கே இருக்கிறது என்பதால், காரை எடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஜிரோனாவில் காரை எடுத்து, மூன்று நாளில் திரும்ப அங்கேயோ ஃபிகேரஸிலோ விட்டுவிடுங்கள். தோஸா தெ மாரிலிருந்து சான் ஃபெலியூ தெ கீஷோல்ஸ் வரையான மலைவிளிம்புச் சாலை உங்கள் கணவருக்கு வேண்டிய வளைவுகள் அத்தனையும் கொடுக்கும். ஆனால் அதைக் காலை ஒன்பது மணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும், பிறகு சைக்கிள்காரர்களும் சுற்றுலாப் பேருந்துகளும் சேர்ந்துகொள்வார்கள். காடகேஸுக்குப் போகும் சாலையும் குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்குவதுதான். அதன் கடைசித் திருப்பத்தில் வெள்ளை வீடுகளும் தேவாலயமும் விரிகுடாவும் ஒன்றாக வெளிப்படும். பக்கத்துப் போர்ட் யிகாத்தில் சால்வதோர் தாலி வாழ்ந்த வீடு சிறு குழுக்களாக மட்டுமே பார்க்க விடப்படுகிறது. கோடையில் நேரில் போய்ச் சீட்டு வாங்கலாம் என்று நம்பாதீர்கள், சில வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஃபிகேரஸில் அவரே வடிவமைத்து 1974இல் திறந்த அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும். இரண்டுக்கும் ஒரே நாள் போதாது. திரமோந்தானா என்ற வடகாற்று எழுந்தால் காப் தெ கிரேயூஸ் முனையில் கார்க் கதவைத் திறப்பதே சிரமம். கதவைப் பிடித்துக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள், காற்றில் கதவின் கீல் மடங்கினால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

எல்லையைக் கடக்க இரண்டு ரயில்வழிகள் உள்ளன. அதிவேக ரயில் ஃபிகேரஸ்-விலாஃபாந்த் என்ற தனி நிலையத்திலிருந்து புறப்பட்டு, மலைக்கடியில் 8 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெர்த்தூஸ் குகை வழியாகப் பெர்ப்பினியான் சேர்கிறது. அரை மணிக்குள் எல்லை கடந்துவிடலாம், ஆனால் கடல் கண்ணில் படாது. நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது பழைய வழியை: ஃபிகேரஸ் நகர நிலையத்திலிருந்து ஆர்11 ரயிலில் யான்சா, கொலேரா, போர்ட்போ வழியாகச் செர்பெர். இந்த ஊர்களுக்கு இடையே சிறு குகைகளும் சிறு விரிகுடாக்களும் மாறி மாறி வரும். போர்ட்போவும் செர்பெரும் எல்லைக்கு இருபுறமும் உள்ள இரண்டு சின்னஞ்சிறு ஊர்கள். ஆனால் இரண்டிலும் ஊரைவிடப் பெரிய ரயில் நிலையங்கள். காரணம் தண்டவாள அகலம். ஸ்பெயினின் பழைய பாதை 1668 மில்லிமீட்டர், நம் ஊர் அகலப்பாதையைவிட 8 மில்லிமீட்டர் மட்டுமே குறைவு. பிரான்சின் பாதையோ 1435 மில்லிமீட்டர். 1878இல் இரண்டும் இங்கே சந்தித்தபோது எந்த வண்டியும் மறுபக்கத்துப் பாதையில் ஓட முடியவில்லை. பயணிகள் இறங்கி மாற வேண்டும், சரக்கையும் கையால் மாற்ற வேண்டும். வலென்சியாவிலிருந்து வந்த ஆரஞ்சுப் பழங்களை ஸ்பானிய வண்டியிலிருந்து பிரெஞ்சு வண்டிக்குக் கூடை கூடையாக மாற்றியவர்கள் செர்பெரின் பெண் தொழிலாளர்கள்; 1906இல் கூலிக்காக அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இன்றும் அந்த ஊரில் பெருமையோடு நினைக்கப்படுகிறது.

அந்த அகல வேறுபாட்டின் மிச்சத்தை நீங்களும் அனுபவிப்பீர்கள். வடக்கு நோக்கிப் போகும் ஸ்பானிய ரயில் எல்லைக்குகையைத் தாண்டிச் செர்பெரில் நிற்கும். அங்கே பிரெஞ்சு வட்டார ரயிலுக்கு மாற வேண்டும். நாளொன்றுக்கு ரயில்கள் குறைவு, இரண்டு நாட்டு நேர அட்டவணைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே போர்ட்போவில் இறங்கி, அடுத்த ரயில் வரும் வரை இரண்டு மூன்று மணி நேரம் அங்கே செலவிடும்படி திட்டமிடுங்கள். ஊருக்கு மேலே கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வால்ட்டர் பெஞ்சமினின் நினைவிடம் இருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி மலையை நடந்தே கடந்து வந்த அந்த ஜெர்மானிய யூதச் சிந்தனையாளர், திருப்பி அனுப்பப்படுவோம் என்று தெரிந்து, 1940 செப்டம்பர் 26 அன்று இந்த ஊரின் விடுதி ஒன்றில் இறந்தார். இஸ்ரேலியச் சிற்பி தானி கரவான் 1994இல் அமைத்த நினைவிடம், துருப்பிடித்த இரும்புச் சுவர்களுக்கு நடுவே குன்றிலிருந்து கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் ஒரு படிக்கட்டு. உள்ளே இறங்க இறங்க வெயில் மறைந்து, கீழே அலை சுழல்வது மட்டும் தெரியும். பாதி வழிக்கு மேல் போகவிடாமல் ஒரு கண்ணாடிப் பலகை தடுக்கும். கடற்கரைக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் இதை ஏன் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கலாம். 1939 தொடக்கத்தில் உள்நாட்டுப் போரில் வென்றுவந்த பிராங்கோவின் படைக்கு அஞ்சி ஸ்பெயினிலிருந்து லட்சக்கணக்கானோர் பிரான்சுக்குள் புகுந்ததும், அடுத்த ஆண்டே எதிர்த்திசையில் மக்கள் தப்பி ஓடியதும் இந்த மலைக்கரையில்தான். இதை அறிந்து கடந்தால்தான் இந்த எல்லை உங்களுக்கு எல்லையாகத் தெரியும்.

செர்பெரிலிருந்து சில நிலையங்கள் தாண்டிக் கொலியூர். அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். 1905 கோடையில் ஓவியர்கள் மத்தீஸும் தெரெனும் இங்கேதான் மரத்தைச் சிவப்பாகவும் கடலை இளஞ்சிவப்பாகவும் தீட்டினார்கள். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் பாரிஸில் அந்தப் படங்களைக் கண்டு விமர்சகர் ஒருவர் காட்டுவிலங்குகள் என்று சொன்னதே ஃபாவிசம் என்ற இயக்கத்தின் பெயராயிற்று. அவர்கள் எந்த இடத்தில் நின்று எந்தப் படத்தை வரைந்தார்களோ அந்த இடத்திலேயே அதன் நகலைச் சட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். படத்தையும் அதற்குப் பின்னால் உள்ள உண்மையான துறைமுகத்தையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்ப்பது, எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத பாடம். நாடிழந்து வந்து 1939 பிப்ரவரி 22 அன்று இங்கேயே இறந்த ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கல்லறையும் ஊருக்குள் உள்ளது. அவருக்குக் கடிதம் எழுதிப் போட அதன் அருகே ஓர் அஞ்சல் பெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றும் கடிதங்கள் வருகின்றன.

பெர்ப்பினியானுக்கும் மோன்பெலியேக்கும் இடையே அதிவேகப் பாதை இன்னும் கட்டப்படவில்லை. பயணிகளுக்கு அது நன்மையாகவே முடிந்திருக்கிறது. பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி கூடப் பழைய பாதையில் நிதானமாகத்தான் போகிறது. நார்போனுக்கு முன்னால் உப்பங்கழிகளுக்கு நடுவே ஒரு குறுகிய கரைமேல் ரயில் ஓடும்போது இருபுறமும் தண்ணீர், அதில் பூநாரைகள். அக்துவுக்கும் செத்துக்கும் இடையே இடப்பக்கம் தோ உப்பங்கழி, வலப்பக்கம் திறந்த கடல், நடுவே மணல்திட்டின் மேல் தண்டவாளம். துலூஸிலிருந்து 240 கிலோமீட்டர் வெட்டி 1681இல் திறக்கப்பட்ட மிதி என்ற கால்வாய் வந்து சேர்வதும் இந்த உப்பங்கழியில்தான். செத்தில் ஒரு மதியம் போதும். கால்வாய்த் துறைமுக ஊர், நடந்தே பார்த்துவிடலாம். நீம், ஆர்ல் இரண்டும் கடலோர ஊர்கள் அல்ல. ஆனால் வான்கோ 1888இல் ஆர்லுக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கி வரைந்தார் என்பதால் நீங்கள் அதை விட்டுவிட மாட்டீர்கள் என்று தெரியும். அவர் வரைந்த இடங்களைப் பார்க்கலாம், படங்கள் பெரும்பாலும் வேறு நாடுகளில் இருக்கின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்செய் நகரில் செய்ன்ட்-சார்ல் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் 104 படிகள் கீழே இறங்குகின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு ஜூலை வெயிலில் அந்தப் படிகளில் ஏறும் நிலை வராமல், மெட்ரோவில் வந்துபோகும்படி விடுதியைப் பாருங்கள். நகருக்குத் தெற்கே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்த கலாங்குகள் 2012 முதல் தேசியப் பூங்கா. அங்கே போவதற்குக் கார் உதவாது, உபத்திரவம்தான். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் அந்த மலைப்பகுதிக்குள் போகலாமா கூடாதா என்று அரசு அறிவிக்கிறது. முந்தின நாள் மாலையே மறுநாள் நிலவரம் வந்துவிடும். மிஸ்ட்ரால் காற்று பலமாக வீசும் நாளில் பாதைகளை மூடிவிடுவார்கள். சுகித்தோன் கலாங்குக்கு 2022 முதல் கோடையில் நாளுக்கு 400 பேருக்கு மட்டுமே அனுமதி, இலவசம்தான், ஆனால் இணையத்தில் முன்பதிவு வேண்டும். மிஸ்ட்ரால் ஓய்ந்த மறுநாள் கடலில் இறங்குவதானால் ஒன்று கவனியுங்கள்: அந்தக் காற்று மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து அந்த இடத்தை நிரப்பும். வெளியே 33 டிகிரி வெயில் அடிக்கையில் தண்ணீர் 17 டிகிரியில் இருப்பது அங்கே வழக்கம்தான். குதிக்காமல் மெல்ல இறங்குங்கள். கலாங்குகள் மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். மார்செயிலிருந்து மிராமாஸுக்கு லெஸ்தாக், காரி-லெ-ரூவே வழியாகப் போகும் நீலக்கரை ரயிலில் ஏறுங்கள். 1915இல் திறந்த இந்தச் சிறு பாதை கல் வளைவுப் பாலங்கள் மேல் ஒவ்வொரு சிறு விரிகுடாவையும் தாண்டிச் செல்கிறது. செசானும் பிராக்கும் வரைந்த லெஸ்தாக் அதன் வழியில்தான் இருக்கிறது. இந்த ஒரு பயணத்தில் மட்டும் கடல் இடப்பக்கம்.

மார்செயிலிருந்து நீஸ் போகும் பாதையில் தூலோனுக்குப் பிறகு ரயில் மறுபடி உள்நாட்டுக்குத் திரும்பி, மோர் குன்றுகளின் முதுகுப்புறமாகச் செய்ன்ட்-ரஃபயேல் வரை போகிறது. செய்ன்ட்-துரோப்பே இந்த இடைவெளியில் இருக்கிறது. முன்பு இந்தக் கரையோரமாக ஒரு குறுகிய ரயில்பாதை இருந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூடிவிட்டார்கள். ரயில் இல்லாத இடத்தில் கார் என்று மேலே சொன்னேன் என்றாலும், ஜூலையில் இங்கே மட்டும் அது செல்லாது. அந்தத் தீபகற்பத்துக்குள் போக ஏறக்குறைய ஒரே சாலைதான், பத்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். செய்ன்ட்-ரஃபயேலிலிருந்தோ செய்ன்ட்-மக்ஸீமிலிருந்தோ படகில் போய் வருவதே அறிவு.

செய்ன்ட்-ரஃபயேலிலிருந்து கான் வரை எஸ்தெரெலின் செம்பாறைகள். அதிவேக ரயிலும் இந்தப் பாதையில்தான் போகிறது. கடலுக்கும் பாறைக்கும் நடுவே அந்தேயோர் பாலத்தின் மேல் ரயில் வளைந்து திரும்புகையில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலக்காமல் தனித்தனியாக நிற்கும். மத்தீஸின் படத்தைக் கொலியூரில் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. 1903இல் திறந்த தங்கக் கார்னிஷ் என்ற சாலையும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. உங்கள் கணவருக்கு இரண்டாவது கார் நாள் தருவதென்றால், நீஸிலோ கானிலோ ஒரு நாளைக்குக் கார் எடுத்து, வாரநாள் ஒன்றில் விடியற்காலையில் இந்தச் சாலையை ஓட்டிவிட்டு, பிற்பகல் நீஸுக்குக் கிழக்கே மேல் கார்னிஷ் என்ற மலைச்சாலையில் ஏறச் சொல்லுங்கள். நீஸுக்கும் மொந்தோனுக்கும் இடையே மலையில் மூன்று அடுக்காகச் சாலைகள் உள்ளன. மேல் அடுக்கு நெப்போலியன் காலத்தில் போடப்பட்டது, அதன் வழியில் லா துர்பியில் ஆல்ப்ஸ் குலங்களை வென்றதற்காக அகஸ்டஸுக்குக் கி.மு. 6இல் எழுப்பிய வெற்றித்தூண் நிற்கிறது. கீழ் அடுக்குக்குப் போகாதீர்கள். அங்கே காணக்கூடியது அனைத்தையும் நீஸிலிருந்து வெந்திமீலியாவுக்கு ஐம்பது நிமிடத்தில் போகும் வட்டார ரயில் காட்டிவிடும்: வில்ஃப்ரான்ஷ் நிலையம் கடற்கரைக்கு நேர் மேலே, மொனாக்கோ நிலையம் பாறைக்குள்ளே.

நீஸின் பழைய நகரில் நீங்கள் தேட வேண்டியது சொக்கா. கொண்டைக்கடலை மாவையும் தண்ணீரையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்து, ஓர் ஆள் கைவிரித்தாற்போல் அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடு மென்மையாக வெந்ததும் கரண்டியால் சுரண்டிக் காகிதத்தில் வைத்து மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ருசியில் நம் அடைக்குப் பக்கத்து வீடு. இதுவே மார்செயில் பொரித்த பனீஸ், ஜெனோவாவில் ஃபரினாத்தா. மூன்றிலும் அசைவம் இல்லை. ஆனால் பிசலாதியேர் என்ற வெங்காய ரொட்டியைப் பார்த்தவுடன் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் நெத்திலி இருக்கும். பான் பன்யா என்ற உருண்டை ரொட்டியிலும் மீன் உண்டு. பெஸ்தோ என்ற பசில் இலைத் துவையலில் போடும் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது.

வெந்திமீலியாவில் பிரெஞ்சு ரயில் நின்றுவிடும், இத்தாலிய ரயிலுக்கு மாற வேண்டும். கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள்; ஷெங்கன் பகுதிக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது பொது விதிதான் என்றாலும், பிரான்ஸ் 2015 முதல் இந்த எல்லையில் சோதனை நடத்திவருகிறது. இத்தாலிக்குள் நுழைந்ததும் ஒரு ஏமாற்றம்: ஒஸ்பெதலெத்தியிலிருந்து சான் லொரென்ஸோ வரையான கடலோரப் பாதையை 2001இலும், அங்கிருந்து அந்தோரா வரையானதை 2016இலும் மலைக்குள் குகைக்கு மாற்றிவிட்டார்கள். சன்ரேமோ நிலையமே இப்போது பூமிக்கடியில். ஆனால் கைவிடப்பட்ட பழைய தண்டவாளத் தடத்தை 24 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள், அது ஏமாற்றத்தை ஈடுசெய்துவிடுகிறது. ரயில்பாதை என்பதால் ஏற்ற இறக்கமே இல்லை. பழைய குகைகளுக்குள் புகுந்தால் வெயிலிலிருந்து திடீரென்று குளிர்ச்சி. சன்ரேமோவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு காலை நேரத்தை இதற்குக் கொடுங்கள். இந்தப் பயணம் முழுவதிலும் நான் மிகவும் விரும்பும் பகுதி இது. அந்தோராவைத் தாண்டி அலாஸியோ, ஃபினாலே வரை ரயில் இன்னும் பழைய ஒற்றைப் பாதையில் அலையோரமாகவே போகிறது.

ஜெனோவாவைப் பலரும் ரயில் மாறும் ஊராக மட்டும் நினைத்துவிடுகிறார்கள். பழைய செல்வர்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கும் கரிபால்தி தெரு 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அதற்கு ஒரு சந்து கீழே இறங்கினால் இருவர் தோளுரசாமல் கடக்க முடியாத துறைமுகச் சந்துகள். இரண்டு இரவு தங்கலாம். அங்கிருந்து கமோலிக்கு ரயிலில் போய், சான் ஃப்ருத்துவோஸோ மடத்துக்குப் படகேறுங்கள். நடந்தோ படகிலோ மட்டுமே அங்கே போக முடியும். போர்த்தோஃபினோவுக்கும் ரயில் கிடையாது, சாந்தா மர்கெரீத்தாவிலிருந்து பேருந்தோ படகோ உண்டு.

சிங்குவே தெர்ரேயின் ஐந்து ஊர்களுக்குள் தங்காமல் லெவாந்தோவில் அறை எடுங்கள். கடற்கரையும் உண்டு, வாடகையும் குறைவு. லெவாந்தோவுக்கும் லா ஸ்பேஸியாவுக்கும் இடையே கோடையில் ஊர்தோறும் நிற்கும் ரயில் அடிக்கடி ஓடுகிறது, ரயிலும் நடைபாதையும் சேர்ந்த ஒருநாள் அட்டை வாங்கிக்கொண்டால் எத்தனை முறையும் ஏறி இறங்கலாம். குகைகளே அதிகம் என்பதால் இங்கே ரயிலில் காட்சி இல்லை, நடந்து போனால்தான் உண்டு. மொந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாஸாவுக்கு மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் படிகள் மிகுதி, இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு முதல் ரயிலில் போய்விட்டால் திராட்சைச் சரிவுகளில் நிழல் இருக்கும். ரப்பர் செருப்போடு வந்தால் அபராதம் உண்டு. அந்தச் சரிவுகளைத் தாங்குவது சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். விவசாயம் குறைந்து சுவர்கள் கவனிப்பாரற்றுப் போக, 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் மண்ணும் கல்லும் வெர்னாஸாவையும் மொந்தெரோஸ்ஸோவையும் மூழ்கடித்தன. வரப்பு போன்ற அந்தச் சுவர்களின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். கொர்னீலியா மட்டும் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 380 படி உயரத்தில் இருக்கிறது, ஏற முடியாவிட்டால் சிறு பேருந்து உண்டு.

கார் விஷயத்தில் சில கறாரான யோசனைகள். ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் கேட்கும் கட்டணம் பல வேளைகளில் வாடகையையே மிஞ்சிவிடும். எடுத்த நாட்டிலேயே விடுங்கள். ஓட்டுநர் உரிமத்தோடு நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச அனுமதியும் வேண்டும். தானியங்கி கியர் வேண்டுமானால் பதிவின்போதே தெளிவாகக் கேட்க வேண்டும். ஜிரோனா வழியான ஏபி-7 சாலைக்கு 2021 செப்டம்பர் முதல் சுங்கம் இல்லை, பிரான்சிலும் இத்தாலியிலும் உண்டு. இத்தாலிய நகரங்களின் நடுப்பகுதியில் அனுமதி இல்லாத வண்டிகளைக் கேமரா படம் பிடிக்கும், அபராதம் பல மாதம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். அதனால்தான் இத்தாலியில் உங்களுக்குக் காரே சொல்லவில்லை. பிரான்சில் ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் சாலைப் பக்கமே போகாதீர்கள்; அன்றுதான் விடுமுறை வீடுகள் கைமாறும். பிசோன் ஃபூதே என்ற அரசுச் சேவை நாளுக்கு நாள் பச்சை முதல் கருப்பு வரை நிறமிட்டு நெரிசலை முன்னறிவிக்கிறது. நிறுத்திய காரில் ஒரு துண்டைக்கூட வெளியே தெரியும்படி விட்டுவிடக் கூடாது. ஸ்பானிய நெடுஞ்சாலையில் யாராவது பக்கத்தில் வந்து டயரைக் காட்டிச் சைகை செய்தால், அது திருடர்களின் தந்திரமாக இருக்கலாம், அடுத்த பெட்ரோல் நிலையம் வரை நிற்காமல் போங்கள்.

ரயிலுக்குப் பயணச்சலுகை அட்டை எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. உங்கள் பாதையில் பெரும்பாலானவை வட்டார ரயில்கள், முன்பதிவும் இல்லை, விலையும் ஏறாது; நார்போன் முதல் மார்செய் வரை போன்ற நீண்ட துண்டுகளுக்கு மட்டும் சீக்கிரம் சீட்டு வாங்கினால் போதும். இத்தாலிய வட்டார ரயிலின் காகிதச் சீட்டை ஏறும் முன் நடைமேடை எந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் சீட்டு இல்லாதவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இத்தாலியில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வாரநாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும் என்பதால் அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் தப்பிக்கலாம். ஆளுக்கு ஒரு பெட்டி, தூக்கக்கூடிய எடையில். நீஸ் வண்டிகளில் கதவோரம் பெட்டியை வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

கடைசியாக விசா. மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். முதலில் எந்த நாட்டில் எத்தனை இரவு என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நான் சொன்னபடி போனால் ஸ்பெயினில் நான்கு, பிரான்சில் ஆறு, இத்தாலியில் நான்கு இரவுகள் வரும். ஆகவே பார்சிலோனாவில் இறங்கினாலும் உங்கள் விண்ணப்பம் பிரான்சுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். கோடைக்குச் சந்திப்பு நேரம் கிடைப்பதுதான் கடினம் என்பதால் பிப்ரவரி முடிவதற்குள் அதைப் பிடித்துவிடுங்கள். திரும்பும் விமானத்தைப் பார்சிலோனாவிலிருந்து எடுக்காமல் பீசாவிலிருந்தோ மிலானிலிருந்தோ எடுங்கள். லா ஸ்பேஸியாவிலிருந்து பீசா ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.